விளாங்குடியில் கேட்ட கிளாரினெட்

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய அமெரிக்கக் கச்சேரியை நேற்று டிவியில் போட்டேன். கறுப்பின மக்களின் சர்ச் பாட்டும் யூதர்களின் கல்யாண இசையும் ஒரே மேடையில் ஒலித்தன. பாடுகிறவர்களுக்கு நடுவே, வீட்டை விட்டுப் போன அன்று உடுத்தியிருந்த பச்சைப் புடவையில் நீ நின்றாய். இன்னும் சாயம் போகவில்லை.

உன் அப்பா பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சோற்றைப் பார்க்க உள்ளே போன நேரம், யூதர் ஒருவர் கிளாரினெட்டை இழுத்து இழுத்து அழவிட்டார்.

"தெருவுல யாரு செத்தது? அடுப்ப அமத்து" என்றார் அப்பா.

பிணம் எடுக்கும்வரை தெருவில் அடுப்பு எரியக் கூடாதே என்று நானும் பதறிப்போய், பாதி வெந்த சோற்றோடு அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தேன். வந்து பார்த்தால் அதே கிளாரினெட் துள்ளுகிறது. கறுப்பினத்தார் கைதட்டிப் பாட, சபையே எழுந்து ஆடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் நான் சிரித்து நாளாயிற்று.

கடைசிப் பாட்டுக்கு உன் வீட்டுக்காரர் பறையோடு வந்தார். அவர் வீட்டு ஆட்கள் நம் விசேஷங்களில் அடித்துவிட்டு வாசலோடு போய்விடுவார்கள். அங்கே இரண்டு கூட்டத்தாரும் விலகி, அவருக்கு நடுவில் இடம் விட்டார்கள். அவர்களுக்கு என் நன்றியைச் சொல்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பாட்டு முடிந்ததும் எழுந்துபோய், அவரே அடுப்பைப் பற்றவைத்தார்.

"இம்புட்டு நல்லா அடிச்சா கழுத்துல துண்டு போடணும்ல. மாப்ள எப்ப வாராருன்னு கேட்டு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

அம்மா