குரோம் பட்டைகளைக் கழற்றிய வாரம்

1998 ஏப்ரல் 14, செவ்வாய்

தம்பி எலோய் இன்று அப்பாவின் செவர்லே காரை என் பட்டறையில் கொண்டுவந்து விட்டான். ஐம்பத்தோராம் வருடத்து வண்டி. அப்பா போனபிறகு பதினொரு வருடமாகத் தம்பிதான் வைத்திருக்கிறான். வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை இதை எங்கள் ஊர் எஸ்பனோலாக் கடைத்தெருவில் மெல்ல உருட்டிக்கொண்டு போவான், ஊரே திரும்பிப் பார்க்கும். செர்ரிப்பழச் சிவப்பு, நான் அடித்தது. அதைச் சாம்பல் நிறமாக மாற்ற வேண்டுமாம். பக்கவாட்டில் மின்னும் குரோம் பட்டை ஒன்றுவிடாமல் கழற்ற வேண்டுமாம்.

“டேய், உனக்கென்ன கிறுக்கா? அவனவன் இந்தக் குரோமுக்காக நாலு மாநிலம் அலையிறான்.”

“மழமழன்னு இருக்கிறதுதான் இப்ப மவுசு அக்கா. சீக்கிரம் முடிச்சுக் குடு.”

வலது முன்பக்கத்தில் ஒரு குழி. வேலிக் கம்பத்தில் இடித்துவிட்டானாம். பச்சைமிளகாய்க் குழம்பு அடுப்பில் இருந்தது. வேண்டாம் என்று போய்விட்டான். அவனா!

ஏப்ரல் 15

இடதுபக்கப் பட்டை முழுதும் வந்துவிட்டது. உள்ளே கிளிப்பெல்லாம் துரு. ஒன்று தெறித்துக் கட்டைவிரலைக் கிழித்தது. பட்டையை எடுத்ததும் வேலை முடிந்துவிடுமா? அது உட்கார்ந்திருந்த துளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றையும் வெல்டிங் வைத்து மூடி, உப்புத்தாள் போட்டு, பட்டி பூசி, மறுபடி தேய்க்க வேண்டும். இன்று ஏழு துளை மூடினேன். கழற்றியதைப் பழைய போர்வையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 16

வலதுபக்கம் ஆரம்பித்தேன். குழியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாகக் குழி தட்டுகிறேன். கம்பத்தில் இடித்தால் தகட்டில் கோடு விழும், பெயிண்ட் சீவிக்கொண்டு போகும். இதில் கோடே இல்லை. மெத்தென்று உள்ளே போயிருக்கிறது. மானா? மான் என்றால் மான் என்று சொல்ல வேண்டியதுதானே?

சாயங்காலம் அம்மா வீட்டில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தபோது வானொலியில் குருசிதா மேஸ்தாஸ் பற்றிச் சொன்னார்கள். தபால் ஆபீசில் கவுண்ட்டரில் நிற்பாளே, அவள்தான். போன வாரம் பெரிய வெள்ளிக்கிழமை காலை சிமாயோ கோயிலுக்கு யாத்திரையாக நடந்து போகும்போது ஏதோ வண்டி அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. இப்போது நினைவு வந்திருக்கிறதாம். என்ன வண்டி என்று தெரியவில்லையாம். நீளமாக ஒரு வெள்ளிக்கோடு வெயிலில் மின்னியதாம், அவ்வளவுதான்.

அம்மா எழுந்து வானொலியை நிறுத்தினாள். நான் மீதி பீன்ஸை உரித்து முடித்தேன்.

ஏப்ரல் 17

பட்டறை திறக்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

எலோய் வந்தான். வலதுபக்கம் பாதியில் நிற்பதைப் பார்த்து, “இன்னும் ஆகலையா?” என்றான்.

“அது மானா, மனுஷனாடா?”

டயர்மேல் உட்கார்ந்தான்.

“வெயில் கண்ணுல அடிச்சுச்சு அக்கா. குப்பைத்தொட்டின்னுதான் நெனச்சேன்.”

“அப்புறம்?”

“கண்ணாடியில பாத்தேன்.”

“பாத்துட்டும் போனியா?”

“பின்னாடி ஜனங்க ஓடி வந்தாங்க. அவங்க தூக்கிருவாங்கன்னு... குடிக்கல அக்கா, சத்தியமா குடிக்கல. பஸ் லைசென்ஸ் போயிரும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அந்த ஒரு நிமிஷத்துல ரெண்டு மைல் தாண்டிட்டேன்.”

என் கையால மூடச் சொன்னியேடா. ஏழு துளை. ஏழு துளையை மூடிட்டேன். எனக்குத் தெரியாது, தெரியாதுன்னு சொன்னா யார் நம்புவா? எனக்கே நம்பிக்கை இல்லை. புதன்கிழமையே சந்தேகம் வந்ததா? வந்ததோ?

ஏப்ரல் 19

அம்மாவிடம் சொல்லப் போனேன். அம்மாவுக்குத் தெரியும். அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானமே தெரியும். வண்டியை என்னிடம் கொண்டுவரச் சொன்னதே அவள்தான்.

“அவ பொழைச்சுக்கிட்டா. இவன் உள்ள போயி யாருக்கு என்ன லாபம்? அவன் உன் தம்பிடி.”

“அவ கால் மூணு இடத்துல ஒடைஞ்சிருக்கும்மா.”

“பெயிண்ட் அடி. அதானே உன் வேலை.”

வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், “ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று கேட்டேன். சொன்னால் நான் செய்யமாட்டேன் என்று தெரியுமாம். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா?

ஏப்ரல் 20

காலையிலிருந்து பட்டைகளைத் திரும்பப் பொருத்துகிறேன். வலதுபக்கம் பழையபடி உட்கார்ந்துவிட்டது. இடதுபக்கம் மூடிய ஏழு துளைகளையும் மறுபடி துளைபோட வேண்டியிருந்தது. குழியைத் தொடவில்லை. எப்படி இருந்ததோ அப்படியே போலீஸ் பார்க்கட்டும்.

எலோய்க்குப் போன் செய்தேன். “புதன்கிழமை வரைக்கும். நீயா போனா நானும் வர்றேன். இல்லைன்னா நான் மட்டும் போவேன்.” போனை வைத்துவிட்டான்.

ஏப்ரல் 21

வரவில்லை.

ஏப்ரல் 22, புதன்

பத்து மணிக்கு வந்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி. சாவியை நீட்டினேன். வாங்காமல் மறுபக்கக் கதவைத் திறந்தான்.

“நீ ஓட்டு அக்கா.”

ஓட்டினேன். வழியில் இரண்டு பேர் வண்டியைப் பார்த்துக் கையசைத்தார்கள். எலோயும் பழக்கத்தில் கையைத் தூக்கினான், பாதியில் இறக்கிக்கொண்டான். போலீஸ் நிலைய வாசலில், “நான் சொல்லும்போது நீ வெளிய இரு” என்றான். வெளியே இருந்தேன். பிறகு உள்ளே போய் அந்தத் துளைகளைப் பற்றி நானும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

ஜூலை 3

எலோய்க்குப் பதினெட்டு மாதச் சிறை. அம்மா எனக்குக் கதவு திறப்பதில்லை.

செப்டம்பர் 9, புதன்

மத்தியானம் ஒரு பிக்கப் வந்து நின்றது. கதவு நசுங்கியிருந்தது. இறங்கியது குருசிதா. ஊன்றுகோல் ஒன்று.

“எங்க அக்கா மவன் கேட்டுல இடிச்சுட்டான்” என்று கதவைக் காட்டினாள். “எப்ப ஆகும்?”

“ஊர்ல... வேற ஆள் இருக்காங்களே” என்றேன். ஏன் சொன்னேனோ.

“இருக்கான். போன தடவை அவன் அடிச்சது ரெண்டு மாசத்துல உரிஞ்சுபோச்சு.” “உன் தம்பியைப் பத்திப் பேச வரல. அதை நாம பேச வேணாம்.”

“சரி.”

அவளால் நிற்க முடியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டேன். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். நான் நிற அட்டைகளைக் கதவோடு வைத்து வைத்துப் பார்த்தேன். மூன்றாவது அட்டைக்கு, “அது இல்ல, இன்னும் கொஞ்சம் வெளுப்பு” என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

வருகிற செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.