நாற்பத்தைந்து, ஒன்பது, ரப்பர் பூட்ஸ்

மார்ச் 3, செவ்வாய்

இல்லை, இன்னும் வாங்கவில்லை. அம்மா காலையில் கேட்டபோது என் வாய் நிறைய முட்டை டாக்கோ இருந்தது, அதனால் இங்கே சொல்கிறேன். பிஸ்டல் வாங்குவது முடிவு. எந்த அளவு என்பதுதான் முடிவாகவில்லை. போன மாதம் எனக்கு இருபத்தொன்று முடிந்தது, இனி எந்தக் கடைக்காரனும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது.

வேலை மிட்லண்டில். வங்கிப் பணம் ஏற்றிப் போகும் வண்டிக்குத் துப்பாக்கிக் காவல். கல்லூரியைப் பாதியில் விட்டவன், டயர் கடையில் ஆறே வாரத்தில் துரத்தப்பட்டவன், அப்படிப்பட்ட என்னை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சொந்தத் துப்பாக்கி வேண்டும். அதை வைத்து மாநிலத் தேர்வில் சுட்டு நூற்றுக்கு எழுபது வாங்க வேண்டும். இரண்டு வாய்ப்பு. மூன்றாவது கிடையாது.

தவறினால்? அதற்கு ராய்ஸ் பதில் வைத்திருக்கிறான். அம்மாவின் இரண்டாவது புருஷன். பதினோரு வருஷம் ஷெரிஃப் ஆபீஸில் டெபுடியாகப் போலீஸ் வேலை. இப்போது செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரி இரண்டுக்கு முதலாளி.

"மாசக் கடைசிக்குள்ள வேலை இல்லன்னா என் லாரியில ஏறி குழாய் பிடிக்கற. முழுசா ஒரு வருஷம். இல்லன்னா வெளிய போ."

"சரி" என்றேன்.

"சரி, என்ன?"

"சரி, சார்."

இருபத்தொரு வயசுல. அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 4, புதன்

ராத்திரி சாப்பாட்டில் வாயைத் திறந்ததுதான் தப்பு. ஒன்பது மில்லிமீட்டர் வாங்கலாமென்று பார்க்கிறேன் என்றேன்.

ராய்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "ஒன்பதா? ஏன், அதுக்கு மேட்சா லிப்ஸ்டிக்கும் வாங்கறியா?"

"ராய்ஸ்..." என்றாள் அம்மா.

"இல்ல நோரீன், தெரிஞ்சுக்கட்டும். நாற்பத்தஞ்சுல ஒருத்தன சுட்டா அவன் விழுவான். ஒன்பதுல சுட்டா அவனுக்குக் கோபம் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்."

நீ யாரையாவது சுட்டிருக்கியா? கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

எண் எல்லாம் குண்டின் பருமன்தான். ஒன்பது என்பது மில்லிமீட்டரில். நாற்பத்தைந்து என்பது அங்குலத்தை நூறாகப் பிரித்ததில். ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு சண்டை. எங்கள் வீடு மாதிரியே.

மார்ச் 5, வியாழன்

வாங்கிவிட்டேன். எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

லைலின் கடை. லைலுக்கு அறுபது வயதிருக்கும், ஊரில் பாதிப் பேருக்குத் துப்பாக்கி விற்றவர். கண்ணாடி மேஜைமேல் பச்சைத் துணி விரித்து மூன்றை வைத்தார். ஒன்பது, நாற்பது, நாற்பத்தைந்து.

"நாற்பது எப்படி?" என்றேன்.

"அது ரெண்டு பேர் சண்டையில நடுவுல போய் நின்னு ரெண்டு பக்கமும் அடி வாங்கற மாதிரி. விடு. ஒன்பதுல பதினேழு குண்டு போகும், சுடும்போது கைக்கு வர்ற உதை கம்மி, குண்டும் சல்லிசு, நிறைய பழகலாம். நாற்பத்தஞ்சுல எட்டு. ஓட்டை பெருசு, உதையும் பெருசு. கைய காட்டு."

காட்டினேன்.

"ஒன்பது" என்றார். முடிந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் வந்திருக்கலாம்.

அப்போதுதான் கதவு மணி அடித்தது. ராய்ஸ். நான் வருவது அவனுக்கு எப்படித் தெரியும்? அம்மாதான், வேறு யார்? காபி மெஷின் பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் மூன்று கிழங்களிடம் போய் நின்றுகொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "லைல், பையனுக்கு ரோஸ் கலர்ல இருக்கான்னு பாரு" என்றான்.

கிழங்கள் சிரித்தன. ஒருத்தருக்கு இருமல் வந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு.

நாற்பத்தைந்தை எடுத்து, "இது" என்றேன்.

லைல் என்னையே பார்த்தார். "நிச்சயமா?"

"இதுதான்."

படிவம், அடையாள அட்டை, என்மேல் வழக்கு உண்டா என்று கேட்டு ஒரு ஃபோன். பத்து நிமிஷத்தில் என் கைக்கு வந்துவிட்டது. ராய்ஸ் முதுகில் தட்டினான். அந்தத் தட்டலுக்கு ஒரு நொடி சந்தோஷப்பட்டேனே. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

மார்ச் 7, சனி

சுட்டுப் பழகும் ரேஞ்சில் நூறு குண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலைச் சீவிவிட்டது, துப்பாக்கியின் மேல்பகுதி பின்னால் வந்தபோது. கார் கதவு என்று அம்மாவிடம் சொன்னேன்.

மார்ச் 14, சனி

அறுபத்தொன்று. முதல் வாய்ப்பு போச்சு.

மூன்று கஜத்திலிருந்து பதினைந்து கஜம் வரை ஐம்பது குண்டு. கிட்டத்தில் பரவாயில்லை. தள்ளிப் போகப் போக எல்லாம் இடப்பக்கம் கீழே. காகித மனுஷனுக்கு இடுப்புக்குக் கீழேதான் அத்தனை காயமும்.

வீட்டுக்கு வந்தால் என் கட்டில்மேல் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். புதுசு. என் அளவு.

மார்ச் 15, ஞாயிறு

பூட்ஸை ஜன்னல் வழியாக எறிந்தேன். அம்மா எடுத்து, துடைத்து, வாசலில் வைத்திருக்கிறாள். அம்மா!

மார்ச் 17, செவ்வாய்

தேர்வு நடத்துகிற மரிசெலா ஓச்சோவா ஃபோன் செய்தாள். "இருபத்தெட்டாம் தேதி உனக்குக் கடைசி. அதுக்கு முன்னாடி தனியா வா. அந்தப் பீரங்கியையும் எடுத்துட்டு வா."

போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று குண்டு அடுக்கும் மேகசினை நிரப்பினாள். எனக்குத் தெரியாமல் நடுநடுவே டம்மி குண்டு. அதே அளவு, அதே எடை, வெடிக்காது. அவ்வளவுதான்.

சுட்டேன். டம். டம். அடுத்தது க்ளிக். குண்டே வெடிக்கவில்லை, ஆனால் துப்பாக்கியின் மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்து நிற்கிறது! என் கண்ணாலேயே பார்த்தேன்.

"பாத்தியா? உதையே வரல. அதுக்குள்ள உன் கை கும்பிடு போட்டுடுச்சு."

"கை வழுக்கிடுச்சு."

"சரி, இன்னொரு தடவை."

மறுபடி கும்பிடு. ஆறு தடவையில் ஆறு.

"யார் உனக்கு இதை வாங்கச் சொன்னது?"

"நானேதான் வாங்கினேன்."

"பொய்" என்றாள். தன் ஒன்பதைக் கொடுத்தாள். பதினைந்து கஜத்தில் பத்து குண்டு சுட்டேன். அதில் ஒன்பது ஓட்டையை என் உள்ளங்கையால் மூடலாம்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வரவில்லை. எதையாவது உடைக்கணும் போலிருந்தது. பன்னிரண்டு நாளாகத் தெரிந்துகொண்டே எனக்கு நானே—

கிளம்பும்போது நாற்பத்தைந்துக்கான டம்மி மூன்றைக் கையில் திணித்தாள். "வெச்சிக்கோ. அந்தப் பீரங்கியோடதான் வாழப் போறேன்னா வீட்ல பழகு."

மார்ச் 19, வியாழன்

மாற்றிவிட்டேன். லைல் நாற்பத்தைந்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்பதை நீட்டினார். காபி மெஷின் பக்கம் இன்று யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, அதனாலும் இருக்கலாம்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது.

"கைப்பை எங்கடா?" இது ராய்ஸ். "அதைப் போட்டுட்டுப் போக ஒரு கைப்பை வேணும்ல?"

"ஞாயித்துக்கிழமை ரேஞ்சுக்கு வா. உன்னோடதையும் எடுத்துட்டு வா."

"வா, என்ன?"

"வா. அவ்வளவுதான்."

அம்மா எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், பாத்திரமே இல்லாத தொட்டியில்.

மார்ச் 22, ஞாயிறு

வந்தான். தோல் உறையில் அவனுடைய பெயர் பொறித்திருக்கும். லைல் இருந்தார், கிழங்களில் இரண்டு பேர், சுவரோரம் மரிசெலா.

ராய்ஸ் மேகசினை என் பக்கம் தூக்கிப் போட்டான். "நிரப்பு. அதையாவது ஒழுங்கா செய்றியான்னு பாப்போம்."

அவனே கொடுத்தான். நான் கேட்கவே இல்லை. அவனுடையதும் நாற்பத்தைந்துதான். என் சட்டைப் பையில் மரிசெலா கொடுத்த மூன்று டம்மி இருந்தது. ஒன்றை மேலிருந்து நான்காவதாக வைத்தேன்.

முதல் மூன்று குண்டு இங்கொன்று அங்கொன்றாகப் போனது. "புது குண்டு, சரியில்ல" என்றான். அடுத்தது க்ளிக்.

துப்பாக்கி ஒரு சாண் கீழே இறங்கியது. ஒரு சாண்! என்னுடையதைவிட மோசம். தோள், முழங்கை எல்லாம் சேர்ந்து குனிந்தது. கண்ணையும் மூடியிருந்தான். காதை மூடியிருந்த எல்லாரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

இருமல்காரக் கிழவர்தான் முதலில் சிரித்தார். பிறகு நான். நிறுத்த முடியவில்லை.

ராய்ஸ் மேகசினைக் கழற்றினான், டம்மியை வெளியே தள்ளினான், குனிந்து எடுத்தான், பார்த்தான், என் முன்னால் மேஜையில் வைத்தான். துப்பாக்கியை உறையில் போட்டான்.

"எவ்வளவு நாளா, ராய்ஸ்?" என்றாள் மரிசெலா. கேலியாகக் கேட்கவில்லை.

அவன் கதவைப் பார்த்து நடந்தான்.

ஒரே வண்டியில்தான் போயிருந்தோம். இருபது மைல், ரேடியோகூட இல்லை. பாவமாக இருந்ததா? கொஞ்சம். இல்ல, பொய். நல்லா இருந்துச்சு. வாசல் வந்து அந்த பூட்ஸைத் தாண்டும்வரை நல்லா இருந்துச்சு.

மார்ச் 25, புதன்

ராய்ஸுக்கு மூன்று நாளாக என்னிடம் பேச்சில்லை. அம்மா நடுவில் தபால்காரி. "உப்பு வேணுமாம்." நீயே எடுத்துக்கோன்னு சொல்லு.

மார்ச் 28, சனி

எண்பத்தேழு.

மரிசெலா தாளில் கையெழுத்துப் போட்டாள், மிட்லண்டுக்கு ஃபோன் செய்தாள். வருகிற திங்கள் இல்லை, அதற்கு அடுத்த திங்கள் வேலைக்கு வரச் சொன்னார்கள். வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். கட்டிப்பிடித்தாள், பிறகு மெதுவாக, "அவர்கிட்டயும் ஒரு வார்த்தை" என்றாள்.

முடியாது.

ஏப்ரல் 6, திங்கள்

காலை ஆறு மணி. சீருடை தோளில் பெரிசு. வண்டி ஓட்டுகிறவன் இந்த ஊர்தானாம், வழியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றான். அதற்குக் காத்திருக்கும் நேரத்தில் இது.

சற்றுமுன் ராய்ஸ் என் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. பதினைந்து நாளில் முதல் பேச்சு.

"அந்த டம்மி மூணும் இருக்கா?"

"இருக்கு."

"உனக்குத்தான் அந்த அளவு இனிமே வேணாமே."

"சார்னு சொல்லு" என்றேன்.

தாடை இறுகியது. அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, சொல்லவும் இல்லை. போகவும் இல்லை. கையை மட்டும் நீட்டினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு பழைய தழும்பு. எனக்குக் காய்ந்துகொண்டிருக்கும் அதே இடத்தில். இத்தனை வருஷம் அதே மேஜையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், பார்த்ததே இல்லை.

மூன்றையும் அந்தக் கையில் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"கிப்" என்று என் பெயரைச் சொன்னான்.

"என்ன?"

"உதை வர்றதுக்கு முன்னாடி அவ எதப் பாக்கச் சொன்னா? குழல் நுனி முன்குறியையா, சுடற பலகையையா?"

"முன்குறி. அது எந்திரிக்கற வரைக்கும்."

தலையாட்டிவிட்டுப் போனான். இப்போது கொட்டகையிலிருந்து சத்தம் வருகிறது. க்ளிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி க்ளிக். வாசலில் பூட்ஸ் இல்லை, யார் எடுத்தார்களென்று தெரியவில்லை—

ஹாரன் அடிக்கிறான். போகணும்.