தெற்குப் பக்கத்துச் சிப்பிகள்

முல்லைத்தீவு
14.08.1992

றினோஸாவுக்கு,

புத்தளத்தில் நீ எந்த முகாமில் இருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிந்தது. முதலில் சிப்பிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சுண்ணாம்பு சுடுவதற்காக ஊரார் அள்ளி அழித்த, கடலோரக் களப்பின் சிப்பித் திட்டை நாமிருவரும் மீண்டும் வளர்க்கத் தொடங்கினோமே. வேகமாக வளர்கிறவற்றை மட்டும் ஒரே இடத்திலிருந்து பொறுக்கி, வடக்குப் பக்கத்தை நான் நிரப்பினேன். "அழகுராணிப் போட்டியே வைக்கிறாய்? கொக்கிளாய்க் குள்ளனும் கிடக்கட்டுமடி" என்று சிரித்தாய். கொக்கிளாய்க் குள்ளச் சிப்பி உட்பட நான்கு இடத்துக் குஞ்சுகளைக் கலந்து தெற்குப் பக்கத்தில் போட்டாய். நான் புத்தகத்தைக் காட்டி உன்னை மட்டந்தட்டினேன்.

இந்த ஆனியில் நோய் வந்தது. என் பக்கத்துச் சிப்பிகள் ஒரே கிழமையில் வாய் பிளந்து செத்தன. அவை அவ்வளவு ஒன்றுபோல. ஒன்றைக் கொன்றது எல்லாவற்றையும் கொன்றுவிட்டது. உன் பக்கத்தில் பாதிக்கு மேல் உயிரோடு இருக்கின்றன. அதே தண்ணீர்தான். குள்ளன்களுக்கு ஒன்றுமே இல்லை.

அவற்றின் குஞ்சுகள் இப்போது என் செத்த ஓடுகளிலும் ஒட்டுகின்றன. பார்க்க வருகிறவர்கள், "ஆர் பிள்ளை இதைப் போட்டது?" என்று கேட்கிறார்கள். உன் பெயரைச் சொல்கிறேன். அவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், முஸ்லிம்கள் எல்லோரும் போய்விட வேண்டும் என்று இயக்கம் அறிவித்த அன்று, நீ ஒற்றைப் பையோடு எங்கள் வாசற் படலையைக் கடந்தபோது நான் உள்ளேதான் இருந்தேன். அன்றைக்கும் உன் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
வடக்குப் பக்கத்துக்காரி