விலங்கியலும் ஒத்தி வயலும்

14 ஜூன் 1983, செவ்வாய்

வாடிப்பட்டி விவசாயி வீரணன் தன் மகள் செல்வியுடன் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். அவளுக்குக் கல்லூரியில் விலங்கியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. செலவுக்கு வயலை ஒத்தி வைக்க வேண்டும். கடன் தீரும்வரை பணம் கொடுத்தவர்தான் அதில் பயிரிடுவார்.

"பேப்பர்ல எழுதுறவரு நீங்க, சொல்லுங்கண்ணே. இந்தப் படிப்புக்கு எம்புட்டுச் சம்பளம் வரும்?"

விலங்கியல் பட்டதாரிகள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதைச் சொன்னேன். கிடைத்தாலும் குமாஸ்தா சம்பளம். வயலை மீட்பது கடினம் என்றேன்.

செல்வி அப்பாவிடம் திரும்பினாள். "படிக்காட்டி, என் கல்யாண நகைக்கு அதே வயலத்தானப்பா ஒத்தி வைப்பீக?"

சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வீரணன் எழுந்தார். "சரிண்ணே. அப்பக் கல்யாணத்துக்கு எத வைக்க?"

நள்ளிரவு ஆகிவிட்டது. எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.