திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

குட்டி மூச்சு விடுகிறான். மற்ற விசாரிப்புக்கெல்லாம் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நலமா என்று கேட்க இன்றைக்கு மனசு வரவில்லை.

பதினாறு நாளாக நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. உங்கள் அம்மாவிடம் மட்டும் தினம் பேசுகிறீர்கள். போனைக் கட் பண்ணலாம், கடிதத்தைக் கிழிக்கத்தான் வேண்டும். கிழிப்பதற்கு முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலையில் வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள். மூச்சு மெஷினை அணைத்து மூலைக்குத் தள்ளினார்கள். குட்டி அழுதான், ஆனால் சத்தமே வரவில்லை, முகம் மட்டும் அழுதது. இத்தனை நாள் குழாய் இருந்ததால் தொண்டை புண்ணாகியிருக்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள். மறுநாள் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. உங்கள் குறட்டைக்கு அப்படியே வாரிசு. இப்போது மூக்கில் சின்னக் குழாய், அதில் சூடான காற்று வருகிறது.

மூச்சுப் பயிற்சி கொடுக்க ஒருவர் மூன்று வேளையும் வருகிறார். நான் அவருக்கு மூச்சுக்காரர் என்று பெயர் வைத்தேன், இப்போது வார்டே அப்படித்தான் கூப்பிடுகிறது. வலப்பக்கம் இரண்டு மணி நேரம், இடப்பக்கம் இரண்டு மணி நேரம், பக்கத்தில் நர்ஸ் நிற்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் குப்புற. தலைமாடு எப்போதும் உயர்ந்திருக்க வேண்டும். கழுத்து மடங்கவும் கூடாது, பின்னால் சாயவும் கூடாது. அதற்காகத் தோளுக்கு அடியில் துணியை மடித்து வைக்கிறார். மல்லாந்தே கிடந்தால் நுரையீரலின் பின்பக்கம் அமுங்கி அங்கே சளி தேங்குமாம். குப்புறப் போட்டால் அந்த இடம் திறந்துகொள்ளுமாம். ஆபரேஷன் முடிந்த நாலாம் நாளே இதை நம் இரண்டு பேருக்கும் சொன்னார்கள். அன்றைக்கு நம் காதில் எதுவும் ஏறவில்லை.

அந்த நாலாம் நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

மதியம், நர்ஸுகள் ட்யூட்டி மாறும் நேரம். நான் வார்டு வாசலில் இருக்கும் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. "நெஞ்சைத் தொறந்து தச்ச புள்ளைய அந்தத் தையல் மேலயே கவுத்துப் போட்டிருக்காங்களே, இவங்களுக்கெல்லாம் புள்ளகுட்டி இல்லியா" என்று காலையிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தீர்கள். நர்ஸ் பக்கத்துக் கட்டிலுக்குப் போன நேரம் பார்த்து, குட்டியின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி மல்லாத்தினீர்கள். பாசம்தான், வேறென்ன. குழாய் நழுவிவிட்டது. மெஷின் கத்தியது. டாக்டர் ஓடி வந்து காற்றுப் பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்தார். குட்டியின் உதடு அப்போது என்ன நிறத்தில் இருந்தது என்று உங்களுக்கும் தெரியும், எழுத மாட்டேன்.

குழாயைத் திரும்பப் போட்ட பிறகு பெரிய நர்ஸ் யார் திருப்பியது என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. உங்கள் கை அப்படி நடுங்கிக்கொண்டிருந்தது. இனி உங்களை உள்ளே விட மாட்டார்கள் என்று பயந்தேன். நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். அடுத்த வார்த்தை உங்களிடமிருந்து வரும் என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் லீவு முடிந்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அதன் பிறகு கட்டிலின் தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். 'நர்ஸ் இல்லாமல் தாய் குழந்தையைத் தொடக் கூடாது.' வருகிறவர் போகிறவர் எல்லாம் படித்தார்கள். துணி மாற்றும் ஆயாகூட என்னை ஒரு மாதிரி பார்த்தார். பத்து மாசம் சுமந்தவள், மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மா, "பெத்தவளே புள்ளைக்கு எமனா வந்தா" என்று சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் நீங்கள் தினம் அவரிடம் பேசுகிறீர்களே! ஒரு நாளாவது நாக்கு புரளவில்லையா?

லிஃப்ட் ரிப்பேருக்குப் போகும் இடத்தில் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும்வரை வெளியில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன், சத்தம் நின்றால் உள்ளே இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள் என்று பெண் பார்க்க வந்த அன்றே பெருமையாகச் சொன்னீர்கள். அதைக் கேட்டுத்தான் நான் சரி என்றேன். முன்பின் தெரியாதவர்களுக்கு அத்தனை பேச்சு, எனக்கு ஒரு வார்த்தை கிடையாதா? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

நேற்று பெரிய நர்ஸ் வந்து அந்தத் தாளைக் கிழித்தெடுத்தார். டேப் ஒட்டிய தடம் இன்னும் இருக்கிறது. பிறகு மெதுவாக, "அன்னிக்கு உங்க கையில சோப்பு நுரை இருந்துச்சும்மா. எனக்கு அப்பவே தெரியும். நீங்களா ஒத்துக்கிட்டதை நான் எப்படி மாத்தி எழுதறது?" என்றார். இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. உங்களை வரச் சொல்லச் சொன்னார். யாரும் எதுவும் கேட்க மாட்டார்களாம், எத்தனையோ அப்பாக்களைப் பார்த்திருக்கிறாராம். அவர் நல்லவர். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. நான் கேட்பேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகிறவர்களுக்கான பயிற்சி. மூக்குக் குழாயோடுதான் அனுப்புவார்கள். நெஞ்செலும்பு கூடும்வரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில். ஒருவர் குழந்தையைத் திருப்ப வேண்டும், இன்னொருவர் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் ஒருத்தியால் முடியும் என்று மூச்சுக்காரரிடம் வீம்புக்குச் செய்துகாட்டினேன். திருப்பும்போது குழாய் இழுபட்டு மூக்கை விட்டு வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. திரும்பவும் மாட்டிவிட்டு, "இது ரெண்டு பேர் வேலைம்மா" என்று மட்டும் சொன்னார்.

பயிற்சிக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேரின் பெயர் எழுத வேண்டும். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாவது வரிக்கு உங்கள் அம்மாவே தன் பெயரைப் போடச் சொல்கிறார். போடவில்லை. உங்கள் பெயரையும் நான் எழுத மாட்டேன். உங்களுக்காக ஒரு தடவை நான் சொன்னது போதும். நீங்களே வந்து, உங்கள் கையால் எழுதுங்கள்.

வந்ததும் முதலில் சோப்புப் போட்டு முழங்கைவரை கையைக் கழுவுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், குழாயை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாலாம் கட்டில் குழந்தையின் அம்மா