கோபுரத்திலிருந்து அளந்த கரை

மணற்பாக்கம் முகாம்,
6-2-1938

அன்புள்ள ஞானத்துக்கு, மச்சான் எழுதுவது.

நான் சுகம். கடலோரம் வந்து ஒரு மாதமாகிறது, இன்னும் வெறும் மணல்தான். தொல்பொருள் இலாகா துரை கொடுத்த பழைய டச்சுக்காரர் கடல் வரைபடத்தில், இந்தக் கரையில் ஒரு பண்டகசாலை தெளிவாகப் போட்டிருக்கிறது. அலைவாயிலிருந்து அளந்து, சொன்ன இடத்திலேயே வெட்டினோம். ஒரு செங்கல் துண்டுகூட இல்லை. கூலியாட்கள் என் முகத்துக்கு நேரே சிரிக்கிறார்கள்.

21-ந் தேதி திங்கட்கிழமை நம் கலியாணம் என்பது நினைவிருக்கிறது. போன தடவைபோல் தள்ளிப்போட மாட்டேன்.

பிரகாசம்


பூந்தமல்லி,
10-2-1938

அன்புள்ள மச்சானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நம் கலியாண ஓலையை முதல் தரம் வாசித்தார்கள். தடை உண்டா என்று சுவாமியார் கேட்டதும், பின்னாலிருந்து லூர்தம்மாள் அக்கா, "தடை இன்னா கீது? மாப்ளதான் மண்ணு தோண்டிகினு கீறாரு!" என்றார். கோயிலே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன்.

சாம்பல் புதனுக்குள் முடியாவிட்டால், அன்று தொடங்கும் தபசு காலத்தில் தாலி கட்ட விடமாட்டார்கள், ஈஸ்டர் வரை போய்விடும். நைனா சேலை எடுத்துவிட்டார். பருத்திப்பட்டு மாமா வண்டியோடு வருகிறார். நீங்களும் வந்தால் நன்றாயிருக்கும். தாடியோடு வந்து நிற்காதீர்கள்.

ஞானம்


மணற்பாக்கம் முகாம்,
17-2-1938

என் அன்புள்ள ஞானம்,

அகப்பட்டுவிட்டது! தப்பு என்னுடையதுதான். படம் போட்டவன் கப்பலில் நின்று, ஊர்க் கோபுரத்தை அடையாளம் வைத்துப் போட்டிருக்கிறான். நான் இன்றைய அலையிலிருந்து அளந்தேன். கோபுரத்திலிருந்து அளந்தால், எங்கள் கூடாரம் நிற்கும் இடமே அவன் நாளில் கடல். இரண்டு ஆள் ஆழம் என்று குறித்திருக்கிறான்! மணல் சேர்ந்து சேர்ந்து கரை கிழக்கே போய்விட்டது. நேற்று உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்பில் வெட்டினோம். இடுப்பளவு ஆழத்தில் செங்கல் சுவர்!

இப்போது விட்டு வந்தால் ஊர்க்காரர்கள் வீடு கட்டச் செங்கல்லை அள்ளிப் போய்விடுவார்கள். நம்பிக் காவல் வைக்க ஆளில்லை. ஈஸ்டர் முடிந்ததும் கலியாணம், இது நிச்சயம். கோபித்துக்கொள்ளாதே, என் கண்ணல்லவா?

பிரகாசம்


பூந்தமல்லி,
3-3-1938

அன்புள்ள மச்சானுக்கு,

சுவர் கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கடிதத்தை நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தச் செவுத்தையே கட்டிகினு அழட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

நேற்று சாம்பல் புதன். பூசை முடிந்ததும், இனி எங்களுக்கு ஓலை வாசிக்க வேண்டாம் என்று சுவாமியாரிடம் நானே சொல்லிவிட்டேன். நன்றாக யோசித்தாயா என்று கேட்டார். ஒரு வருஷமாக வேறென்ன செய்தேன் என்றேன்.

உங்கள்மேல் கோபமில்லை. அந்தச் சுவரை விட்டு வரமுடியாது என்பது புரிகிறது. ஈஸ்டருக்குப் பிறகு இன்னொரு சுவர் இருக்கும் என்பதும் புரிகிறது. பிரியமும் குறையவில்லை மச்சான், அதுதான் கஷ்டமாயிருக்கிறது.

தோண்டும்போது கிடைப்பதையெல்லாம் எழுதுங்கள், ஆசையாகப் படிப்பேன். கலியாணத் தேதி மட்டும் எழுதாதீர்கள். நம்பிவிடுவேன்.

ஞானகுமாரி