மூன்று பேருக்கும் எங்கள் வோட்டு

1978 யூன் 5, திங்கள்

காலையில் புல்லெல்லாம் உறைபனி. இந்த நாட்டில் யூன்தான் குளிர்காலம். கார் மூன்றாம் தரம்தான் ஸ்ரார்ட் ஆனது. பின்னேரம் மகள் வாணியை ஏற்றப் பள்ளிக்கூடம் போனேன். கேற்றடியில் "குளிருதோ பிள்ளை?" என்றேன். காருக்குள் ஏறினதும், இனிக் கேற்றடியில் நின்று தமிழ் கதைக்க வேண்டாம் என்று இங்கிலீசில் சொல்லிவிட்டாள். ஆறு வயது.

பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு தொடங்கியே ஆகவேண்டும். இடம் இருக்கிறது: சனிக்கிழமை காலைகளில் எங்கள் தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுத்திருக்கும் பிளாக்டவுன் சேர்ச் ஹோல். ஆனால் அந்த நேரத்தில் அங்கே சங்கத்து ஆம்பிளைகள் 304 விளையாடுகிறார்கள். காட்ஸ் விளையாட்டுத்தான் கலாசார வளர்ச்சியாம்.

17ஆம் திகதி தலைவர் தேர்தல். மூன்று பேர் நிற்கிறார்கள். மூன்று பேரிடமும் ஹோலைக் கேட்பது என்று முடிவு.

வாங்க: பருப்பு, கரும்பலகைக்கு வெண்கட்டி, வாணிக்கு மழைச் சப்பாத்து.

யூன் 7, புதன்

டொக்டர் சிவபாதம் வந்தார், முதலாவது வேட்பாளர். கையில் பிரஷர் பார்க்கிற சாமான். வோட்டுக் கேட்கிற வீடெல்லாம் இலவசமாகப் பிரஷர் பார்க்கிறாராம். என் கணவருடைய கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொள்கை விளக்கம். இவர் "எங்கட வோட்டு உங்களுக்குத்தான்" என்ற பிறகே காற்றைத் திறந்துவிட்டார்.

வகுப்பைப் பற்றிக் கேட்டேன். "யோசிப்பம்" என்றார். எனக்குப் பிரஷர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கருவி வெடித்திருக்கும்.

யூன் 9, வெள்ளி

மழை. கொடியில் போட்ட உடுப்பு அப்படியே ஈரம்.

எஞ்சினியர் குலசிங்கம் வந்தார். சாப்பாட்டு மேசை முழுக்க விரித்து ஒரு பிளான்: சங்கத்துக்குச் சொந்த மண்டபம். மேடை, ஒப்பனை அறை, இருநூறு கார் நிறுத்த இடம். எங்கள் சங்கத்தில் பத்தொன்பது குடும்பம். கக்கூஸ் எங்கே என்று கேட்டேன். பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வகுப்புக்கும் அதில் அறை இல்லை. "யோசிப்பம் தங்கச்சி."

இவர் வாசல்வரை போய் வழியனுப்பினார். "எங்கட வோட்டு உங்களுக்குத்தான்."

யூன் 11, ஞாயிறு

மூன்றாமவர் மிஸ்டர் ஆறுமுகம். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலையில் இருப்பவர். கறி பஃப் ஒரு தட்டு நிறைய, நல்ல ருசி. கொள்கை: எல்லாரும் ஒற்றுமையாக இருக்கவேண்டும். எதில் என்று சொல்லவில்லை. வகுப்புக்கு "யோசிப்போம்". இவர் வாயில் பஃப்போடு மூன்றாம் தரமும் வோட்டைக் கொடுத்தார்.

பிறகு இவரைக் குசினியில் பிடித்து ஏசினேன்.

"முகத்துக்கு நேர எப்பிடியப்பா இல்லையெண்டுறது?"

என் முகத்துக்கு மட்டும் எத்தனை தரமும் சொல்லலாம். சங்கத்தில் வோட்டு குடும்பத்துக்கு ஒன்று. கை ஆம்பிளையின் கை. சங்கத்துச் செயலாளர் என்று நான் கடிதம் எழுதலாம், அறிக்கை ரைப் பண்ணலாம், எண்ணலாம். கை தூக்கக் கூடாது.

யூன் 14, புதன்

மூன்று பேரின் அறிக்கையும் நான்தான் ரைப் செய்தேன். மூன்றிலும் "தமிழை வளர்ப்பேன்" முதல் வரி. மூன்றும் இங்கிலீசில். ரிப்பன் மங்கிவிட்டது. ஆறுமுகத்தின் ஒற்றுமை சரியாகப் பதியவேயில்லை.

யூன் 17, சனி

இன்று தேர்தல். பத்தொன்பது குடும்பமும் வந்தன. கைக்குத்தரிசிப் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. யார் சமைத்தது என்று எழுதத் தேவையில்லை.

டொக்டருக்கு 17 கை. எஞ்சினியருக்கு 18. ஆறுமுகத்துக்கும் 17. பிழைவிட்டேனாக்கும் என்று திரும்ப எண்ணினேன். அதேதான்: பத்தொன்பது வோட்டுக்கு ஐம்பத்திரண்டு கை. ஊரே முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லாத ஊர்! எல்லாரும் எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்கிறார்கள். வாணி என் சீலையை இழுத்து, அப்பா ஏன் மூன்று தரம் கை தூக்கினவர் என்று கேட்டாள்.

அரை மணித்தியாலம் சத்தம். கடைசியில், மூவருக்கும் வேண்டிய ஒருவரைப் போடுவோம் என்று யாரோ சொன்னார்கள். மூன்று பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்: இவர். மூன்று பேருக்கும் இவர் தங்கள் ஆள். தனக்கும் கை தூக்கினார்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே மூன்றுபட்டது, கூத்தாடி என் வீட்டிலேயே இருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் எழும்பிவிட்டேன்.

"சனிக்கிழமை காலமை இந்த ஹோலிலை பிள்ளையளுக்குத் தமிழ் வகுப்பு. வேண்டாமெண்டுற ஆக்கள் என்ரை முகத்தைப் பாத்துக் கை தூக்குங்கோ."

ஒரு கையும் எழும்பவில்லை. எல்லாரும் புட்டைப் பார்த்தார்கள். அறிக்கைப் புத்தகத்தில் "ஏகமனதாக" என்று எழுதினேன். மேசையில் கிடந்த ஹோல் கதவின் திறப்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன்.

யூன் 20, செவ்வாய்

தலைவர் கதிரையில் சாய்ந்திருந்து ரெலிபோன் பேசுகிறார். 304காரர் ஒவ்வொருவராக எடுக்கிறார்கள். "ஓம் ஓம், வழமைபோல வாங்கோ." வகுப்பு என்னாகிறது என்று கேட்டேன்.

"யோசிப்பம்" என்றார்.

பதவிக்கு வந்து மூன்று நாள். பாடம் நன்றாகப் பிடித்துவிட்டார். இரவு அவருக்குச் சனிக்கிழமை மிஞ்சின பழம்புட்டு.

யூன் 24, சனி

காலையிலிருந்து அடைமழை. ஒன்பதுக்கே போய்த் திறந்தேன். ஏழு பிள்ளைகள். ஈரச் சப்பாத்தெல்லாம் வரிசையாக. உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டேன், காற்றுக்கு. கரும்பலகையில் அ எழுதினேன். வாணி மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுதினாள், ஆனால் எழுதினாள். குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

பத்து மணிக்குக் கதவில் தட்டு. கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். டொக்டர், எஞ்சினியர், ஆறுமுகம், நடுவில் தலைவர். ஒரு குடைக்குள் நான்கு பேர், சட்டைப் பைக்குள் காட்ஸ் கட்டு. ஒற்றுமை வந்துவிட்டது.

"கொஞ்சம் திறவுமப்பா, நனையிறம்" என்றார் இவர்.

"யோசிப்பம்" என்றேன். ஆவன்னாவுக்குப் போனோம்.